உட்கார்ந்து பார்க்கும் ஏரி

வனத் தகவல் மையத்தின் முகப்பு மேசையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதி, கழிப்பறை எங்கே என்பது. மீதியில், மான் எத்தனை மணிக்கு வரும், மழையை எப்போது நிறுத்துவீர்கள், நடக்காமலே ஏரியைப் பார்த்துவிட்டு வர முடியுமா என்பவை அடக்கம். கடைசிக் கேள்விக்கு முன்பெல்லாம் சிரித்துவிடுவேன். அக்காவுக்கு விபத்து நடந்த பிறகு சிரிப்பதில்லை.

அக்கா தையல்காரி. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வேன் அவளுடைய ஸ்கூட்டரில் மோதியது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. தையல் இயந்திரத்தின் மிதியை மேசைமேல் ஏற்றி, முழங்கையால் அழுத்தித் தைக்கப் பழகிக்கொண்டாள். வேலை குறையவில்லை. ஆனால் மருத்துவமனையைத் தவிர வேறெதற்கும் வாசலைத் தாண்டுவதில்லை. துணி வீட்டுக்கு வந்தது, நூல் வீட்டுக்கு வந்தது. சிநேகிதிகளும் கொஞ்ச நாள் வந்தார்கள்.

அதனால்தான், சக்கர நாற்காலி போகிற மாதிரி ஏரி வரைக்கும் மரப்பாதை போடப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எட்டு மாத வேலை. செய்தவர் ஒரு தச்சு மேஸ்திரி. குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிற ரசமட்டம் அவர் கையை விட்டு இறங்காது. கேன்டீன் பெஞ்சில் உட்காரும்முன்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். எல்லாரும் அவரை ரசமட்டம் என்றே கூப்பிட்டோம். வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

பாதை முடிந்ததும் சோதித்துப் பார்த்தோம். அறுபது கிலோ மணல் மூட்டையை நாற்காலியில் வைத்துக் கட்டி நான் தள்ளினேன். சரிவில் நாற்காலி ஓடிவிடுகிறதா, திருப்பத்தில் இடிக்கிறதா, பலகை இடுக்கில் சக்கரம் சிக்குகிறதா என்று முப்பது தடவையாவது போய்வந்திருப்பேன். மூட்டைக்கு யாரோ தொப்பி மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அது மாமா ஆகிவிட்டது. "மாமா தூங்கிட்டாரு பாத்தியா. பாதை அவ்வளவு வழவழப்பு" என்பார் ரசமட்டம்.

சனிக்கிழமை திறப்பு விழா. அதற்கு முந்திய திங்கட்கிழமை, மையத்துக்கு வார விடுமுறை. அன்று அக்காவை அழைத்துவர ரேஞ்சர் மேடத்திடம் அனுமதி வாங்கினேன். அக்காவிடம் வாங்குவதுதான் பெரும்பாடு.

"நான் ஏரியைப் பாக்கப் போறேனா, இல்ல ஏரி பாக்க வந்தவங்க என்னைப் பாக்கப் போறாங்களா?"

"திங்கக்கிழமை யாரும் இருக்கமாட்டாங்க. வாத்துதான் பாக்கும்."

"அது மட்டும் சும்மா இருக்குமா?"

"உன் மூஞ்சியப் பாத்ததும் பறந்துடும். வாக்கா."

சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள். "ஒரே ஒரு தடவை வர்றேன். நல்லா இல்லேன்னா, அதுக்கப்புறம் வெளிய வா, வெளிய வான்னு என் உசிர வாங்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஏரிமேல் அவ்வளவு நம்பிக்கை.

திங்கட்கிழமை காலை மையத்து வேனின் சாய்தளத்தில் அவளை இறக்கியபோது ரசமட்டம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். பாதை மரங்களுக்கு நடுவில் வளைந்து போனது. வெயில் சில்லறை சில்லறையாகப் பலகையில் விழுந்து கிடந்தது. ஒரு திருப்பத்தில் அக்கா கைப்பிடியின் மூட்டைத் தடவிப் பார்த்தாள்.

"தையல் நல்லா இருக்கு மேஸ்திரி. பிசிறே இல்ல."

ரசமட்டத்தின் நடை அதற்குப்பின் ஒரு அங்குலம் உயர்ந்துவிட்டது.

பாதையின் முடிவில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேடை. அக்காவைத் தடுப்பின் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக் போட்டு, நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். எனக்கு முன்னால் ஏரி முழுதாகக் கிடந்தது. அக்கரைக் காடு தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. அக்கா அசையாமல் இருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"எப்படிக்கா?"

"பலகை நல்லா இருக்கு."

"ஏரியைக் கேட்டேன்."

"ஏரி எங்க இருக்கு?"

அவள் பக்கத்தில் குனிந்தேன். கண்ணுக்கு நேராகப் பலகை. தடுப்பின் உச்சியில் பதித்திருந்த அகலமான பலகை. அதற்குக் கீழே வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள், நடுநடுவே கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர். கோடு போட்ட நோட்டில் ஏரியைக் கிழித்து ஒட்டிய மாதிரி இருந்தது.

"நாப்பத்திரண்டு அங்குலம்மா. விதிப்படி. இம்மி பிசகாது" என்றார் ரசமட்டம்.

"யாருக்கு எடுத்த அளவு?"

"ஆள் உயரத்துக்குத்தான்."

"நிக்கிற ஆளுக்கு. உக்கார வச்சு யாருக்கு அளவு பாத்தீங்க?"

நானும் ரசமட்டமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மாமாவுக்கு" என்றேன்.

"எந்த மாமா? நமக்கு ஏது மாமா?"

மணல் மூட்டையைப் பற்றிச் சொன்னேன். தொப்பியைப் பற்றியும் சொல்லித் தொலைத்தேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் மேஸ்திரி, மணல் மூட்டைக்கு ஏது கண்ணு?"

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. கோபமே இல்லாமல் பிரேக்கை எடுத்தாள். "சரி, பாத்தாச்சு. போலாம்."

அந்தச் சத்தியத்தை இனி ஆயுசுக்கும் காப்பாற்ற வேண்டும். நாற்காலி பாதி திரும்பிவிட்டது.

"ஒரு நிமிஷம் இரும்மா."

ரசமட்டம் அக்காவின் நாற்காலிக்கு அருகில் முழங்காலிட்டார். தலையை அவள் தலைக்குச் சமமாகக் கொண்டுவந்து தடுப்பையே பார்த்தார். இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார். எழுந்துகொள்ளவே இல்லை.

"எட்டு மாசத்துல இங்க ஒரு தடவகூட நான் உக்காரலம்மா" என்றார். "பெஞ்ச் அளவெல்லாம் பாத்தேன். இதை விட்டுட்டேன்."

பிறகு விறுவிறுவென்று போய்க் கருவிப் பெட்டியோடு வந்தார். நான் வாக்கி டாக்கியில் ரேஞ்சரைக் கூப்பிட்டேன். விடுமுறை நாளில் அது கரகரத்தால் விபத்து என்றுதான் அர்த்தம். யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்றே நினைத்து ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"சனிக்கிழமை திறப்பு. பெரிய அதிகாரிங்க எல்லாம் வர்றாங்க. இப்பப் போய் கழட்டணும்னு சொன்னா எப்படி?"

"அவங்கல்லாம் நின்னு பாப்பாங்க மேடம். அவங்களுக்கு ஏரி தெரிஞ்சிடும்" என்றாள் அக்கா. "மறுநாள்லேருந்து நாற்காலியில வர்றவங்களுக்குத்தான் பலகை."

ரேஞ்சர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கைபேசியில் விதிமுறையைத் தேடி, உதடு அசையப் படித்தார். நாங்கள் மூன்று பேரும் தேர்வு முடிவுக்கு நிற்பதுபோல நின்றோம். அக்கா உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"உயரம் சொல்லியிருக்கு. நாலு அங்குலத்துக்கு மேல இடைவெளி கூடாதுன்னு சொல்லியிருக்கு. பலகைதான்னு எங்கயும் இல்ல."

"தொங்கு பாலத்துக்கு வாங்குன கம்பி வடம் கிடங்குல மிச்சம் இருக்கு மேடம்" என்றார் ரசமட்டம். "மேல சன்னமா ஒரு குழாய், கீழ இழுத்துக் கட்டுன வடம். நடுவுல ஆறடிக்கு மட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன்."

"முடியலேன்னா?"

"என்னையே அங்க நிக்க வச்சு அடைச்சிடுங்க."

ரேஞ்சர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். "கழட்டுங்க. இன்னிக்கே கயிறு கட்டி அந்த இடத்தை மூடிடணும்."

அக்காவின் நாற்காலியை நான் பின்னுக்கு இழுத்து பிரேக் போட்டுப் பிடித்துக்கொண்டேன். திருகாணிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்தன. ரசமட்டம் ஒரு முனை, ரேஞ்சர் மறுமுனை. பலகை கீழே இறங்கியது. சட்டங்களும் இறங்கின.

காற்று தண்ணீர்மேல் கால் வைக்காத மாதிரி நடந்து வந்தது. அக்கரையிலிருந்து ஒரு கொக்கு கிளம்பி, அதன் நிழலும் கூடவே கிளம்பி, இரண்டும் சேர்ந்து எங்களைக் கடந்தன. அக்கா வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தாள். சிறுவயதில் சினிமா திரைக்கு முன்னால் அப்படித்தான் உட்காருவாள். எப்படி இருக்கிறது என்று நாங்கள் யாரும் அவளைக் கேட்கவில்லை.

அவள்தான் பேசினாள். "மேஸ்திரி, வடம் கட்டும்போது சரியா என் கண்ணு மட்டத்துல ஒண்ணு வந்துடப் போகுது."

"குறிச்சுக்கிறேம்மா. உங்க உயரம் சொல்லுங்க."

"என் அளவுல மட்டும் கட்டுனா அது எனக்குத் தைச்ச சட்டை. ஊருக்கெல்லாம் பத்தாது. இன்னும் ரெண்டு மூணு பேரை உக்கார வச்சுப் பாக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "ஆஸ்பத்திரியில என்னை மாதிரியே நாற்காலியில பயிற்சிக்கு வர்ற ஒரு தபால்காரர் இருக்காரு, ஒட்டகச்சிவிங்கி மாதிரி. ஒரு ஸ்கூல் பொண்ணு இருக்கா. ஆள் இத்துனூண்டு, வாய் மட்டும் ஏழடி. நான் கூட்டிட்டு வர்றேன். வடத்தை வியாழக்கிழமைக்குத் தயாரா வைங்க. நாங்க பாக்காம முடிச்சுப் போடாதீங்க."

"வியாழக்கிழமை லீவு இல்லக்கா" என்றேன். "கூட்டம் இருக்கும்."

"இருக்கட்டும். வேலையா வந்திருக்கோம்னு சொல்லு."

திரும்பும் வழியில் வேனில் அவள் கைபேசியைக் காதில் வைத்திருந்தாள். "ஏரிக்கு வர்றீங்களாண்ணே? சுத்திப் பாக்க இல்ல, ஒரு வேலை இருக்கு. உங்க கண்ணு வேணும். ஆமா, ரெண்டும்தான்."

பேசி முடித்துவிட்டு வேனின் உட்புறத்தைக் கண்ணாலேயே ஒரு சுற்று அளந்தாள்.

"இதுல ரெண்டு நாற்காலிதான் ஏறும் போலிருக்கே. நாங்க மூணு பேரு. என்ன பண்ணப் போறே?"

"ரெண்டு நடை அடிப்பேன்."

"முதல் நடையில நான்" என்றாள் அக்கா.