ஆணி அடிக்காத வீடு

கதவு தட்டினால் முதலில் டிரங்குப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகுதான் யார் என்று கேட்க வாய் வரும். நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் எங்களுடையது இல்லை. பெர்மனென்ட் வேலையில் இருக்கும் சண்முகசுந்தரம் அண்ணன் பெயரில் இருக்கிறது. அவர் வடலூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் இன்னாசிராஜுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவருக்கெல்லாம் குவார்ட்டர்ஸ் கிடையாது. உள்வாடகைக்கு இருக்கிறோம் என்று தெரிந்தால் அன்றைக்கே சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

கேட்பவர்களிடம் நான் அண்ணனின் தங்கை செல்வி. கிறிஸ்தவப் பெயர்போலக் கேட்கும் என்று, ஜெயசெல்வி என்ற முழுப்பெயரைச் சொல்வதில்லை. வாசல் கதவில் அவர் ஒட்டிவிட்டுப் போன முருகன் படம் அப்படியே இருக்கிறது. எங்கள் மாதா படம் டிரங்குப் பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. குடிவந்த அன்று அண்ணன் ஒன்றுதான் சொன்னார்.

"நான் வுட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும்மா. ஒரு ஆணி அடிச்சாக்கூட, யாரு புதுசா வந்திருக்காங்கன்னு எட்டிப் பாப்பாங்க."

பக்கத்து வீடுகளில் டைல்ஸ் போட்டார்கள், கிரில் வைத்தார்கள், சமையலறையை இடித்து நீட்டினார்கள். அவர்களுக்கென்ன, பெர்மனென்ட். நாங்கள் மட்டும் சிவப்பு சிமெண்டுத் தரையையும் பச்சை மரச் சன்னலையும் சாமியைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு கிடந்தோம். என் வீட்டுக்காரர் சட்டைகூடச் சன்னல் கம்பியில் கட்டிய கொடியில்தான் தொங்கும்.

செவ்வாய்க்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் கழுத்தில் கேமராவோடு ஒரு அம்மா. பெயர் உமாராணி, கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கும் காலேஜ் புரொபசராம். இந்த பிளாக்கை இடிக்கப்போகிறார்களாம். அதற்குள் பழைய தொழிலாளர் வீடு ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று தெருத்தெருவாகப் பார்த்து வருகிறாராம். உள்ளே வந்தவர் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் சிமெண்டைத் தடவினார். அவர் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

"எல்லாரும் மாத்திட்டாங்க. முதமுதல்ல சுரங்கம் தோண்ட வந்தவங்களுக்குக் கட்டிக் கொடுத்தப்ப இருந்த மாதிரியே இருக்கிறது இது ஒண்ணுதாங்க. எப்படி இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க?"

பயம்தான் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அண்ணன் ரொம்ப சுத்தம் பாப்பாருங்க."

"இதை இடிக்காம நினைவு வீடா வைக்கச் சொல்லப்போறேன். வியாழக்கிழமை ஆபீசரைக் கூட்டிட்டு வரேன். உங்க அண்ணனை இருக்கச் சொல்லுங்க."

அவர் தெருமுனை திரும்பியதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். மனுஷன் அலறிவிட்டார்.

"நான் வந்து நின்னா, இத்தினி நாளா எங்கப்பா இருந்தேன்னு பக்கத்து வூட்டுக்காரனே கேப்பானேம்மா! எதையாவது செஞ்சி வூட்டக் கெடுத்து வையி. அந்தம்மா வேற வூடு பாத்துக்கினு போவட்டும்!"

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த இவரிடம் சொன்னேன். "இந்த வூட்டையா கெடுக்கணும்?" என்றார். தரையை உடைக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ஒரு ஆணி அடிப்பது என்று முடிவானது. பகலெல்லாம் பெரிய மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர், சுத்தியலை ஓங்குவதும் இறக்குவதுமாக இருந்தார். நான்தான் பிடுங்கி அடித்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பெற்ற பிள்ளையை அடித்ததுபோல எனக்கு வலித்தது.

இவர் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியைத் திறந்து மாதா படத்தை எடுத்து மாட்டினார்.

"ஏங்க, வேணாங்க."

"வியாழக்கிழமைதான வராங்க. ஒரு நாளு செவுத்துல இருக்கட்டும் செல்வி. பொட்டிக்குள்ள மூச்சு முட்டுது."

மாதாவுக்கா உங்களுக்கா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் இவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். சிலிண்டர்காரர் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். உமாராணி. பின்னால் ஒரு ஆபீசர். வியாழக்கிழமை அவருக்கு மீட்டிங்காம், அதனால் இன்றைக்கே வந்துவிட்டார்கள்.

உமாராணிதான் முதலில் உள்ளே வந்தார். பெயர்ந்த பூச்சைப் பார்த்தார். மாதாவைப் பார்த்தார். திரும்பி, கதவிலிருந்த முருகனைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சண்முகசுந்தரம் இருக்காராம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஆபீசர் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

மாதாவே என்று கூப்பிடக்கூடப் பயமாக இருந்தது. காட்டிக்கொடுத்துக்கொண்டு நிற்பதே அவள்தானே.

உமாராணி சட்டென்று திரும்பி வாசலை மறைத்து நின்றார்.

"சார், உள்ள வர வேணாம். செவுத்த உடைச்சு வச்சிருக்காங்க. நான் நேத்து சரியா பாக்கல. இந்த வீடு ஒண்ணுத்துக்கும் உதவாது."

"அப்ப மத்ததோட இதையும் இடிச்சிடலாமா மேடம்?"

அந்த அம்மா சிவப்புத் தரையைப் பார்த்தபடியே நின்றார்.

"இடிச்சிடலாம் சார்."

என்னைத் திரும்பிப் பார்க்காமலே படியிறங்கிப் போனார். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பித்துவிட்டோம், இடிக்க வரும்வரைக்கும். எங்களைக் காப்பாற்ற, தான் காப்பாற்ற வந்த வீட்டையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை நினைத்து வெகுநேரம் அழுதேன்.

இவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னா சொன்னாங்க?"

"ஆமாங்க."

"அப்ப இன்னொரு ஆணி அடிச்சிக்கலாமா? சட்டை மாட்ட."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"கதவச் சாத்திட்டு அடிங்க," என்றேன்.