பெரிய கங்காணிக்கு ஒன்ஸ்மோர்

முப்பத்திரண்டு வருஷம் மேடையேறியும் ஒரு ஒன்ஸ்மோர்கூட வாங்காத நடிகரைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் நாடகக் கம்பெனியில் இருந்தார், மதுரைப் பக்கத்துத் தம்பையாண்ணன். மந்திரி, சேவகன், கிழவன், திருடன், ஆள் வராத நாளில் தோழி என்று ஒரே நாடகத்தில் ஐந்து வேஷம் கட்டுவார். ராஜா வேஷக்காரருக்குத் தொண்டை கட்டியிருந்தாலும் சனம் "ஒன்ஸ்மோர்" என்று கத்தும். அண்ணன் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

"சாகுறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு வாங்கிப்புடணும், இத்ரூஸு" என்பார் என்னிடம். நான் இலங்கையில் பதுளைக்காரன், ஆர்மோனியம் வாசிக்கிறவன். எனக்கே வயிறெரியும்.

1912இல் பதுளைக்குப் பக்கம் பசறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாடகம். மறுநாள் விடியற்காலை பெரட்டுக்கு எல்லோரும் வேலைக்கு வரிசைகட்ட வேண்டும் என்பதால், ஞாயிறு மத்தியானமே ஆடிவிடும்படி தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். கொழுந்து வாட்டும் ஸ்டோர் மேல்மாடிதான் மேடை. பட்டப்பகல் வெளிச்சத்தில் ராஜாவின் முகம் சுண்ணாம்படித்த சுவராக இருந்தது.

காலையில் எங்களை வரவேற்றவர், தோட்டத்து ஆட்களையெல்லாம் கட்டி மேய்க்கும் பெரிய கங்காணி இராமையா. கறுப்புக் கோட்டு, விரிக்காத குடை, பேசுமுன் இரண்டு செருமல், இடது புருவம் மட்டும் ஏறும். தம்பையாண்ணன் இட்லியைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போகிற ஊரில் எல்லாம் யாருடைய நடையையாவது திருடாமல் வரமாட்டார்.

"அண்ணே, வம்பு வேணாம்ணே."

"சும்மா இருடா."

நாடகத்தில் ஒரு கொடுங்கோல் ஊர்த்தலைவன் வருவான். வந்தான். கறுப்புக் கோட்டு, குடை, இரண்டு செருமல், ஏறிய புருவம்! முன்வரிசை ஆட்கள் கங்காணியே வந்துவிட்டார் என்று தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு எழுந்தேவிட்டார்கள். அடுத்த நொடி சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது. துரை தொடையில் தட்டிச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் இராமையாவின் முகம் கறுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சுருதி தப்பித்தான் வாசித்தேன்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து மேடையருகே வந்து அண்ணனைக் கும்பிட்டாள். பெரியாயி என்று பேராம்.

"கங்காணி ஐயா, எனக்குத் துண்டு குடுங்கய்யா. கொஸ்லந்தையில எம்மகளுக்குத் தலப்பிரசவம். மூணு மாசமாக் கேக்குறேன்."

துண்டு என்பது தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று துரை எழுதித் தரும் சீட்டு. அது இல்லாதவளை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். கங்காணி சரியென்றால்தான் துரை எழுதுவார். தெரிந்து கேட்டாளா, மயங்கிக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் விரல்கள் கட்டைமேலேயே நின்றுவிட்டன.

தம்பையாண்ணன் செருமினார். புருவம் ஏறியது.

"நல்லாக் கொழுந்து எடுக்குறவள எப்படிடி விடுறது? சரி, மக புள்ளத்தாச்சிங்கிற. நாளைக்குப் பெரட்டுக்கு வா. துண்டு குடுக்கிறேன்."

"ஒன்ஸ்மோர்!"

நானூறு தொண்டை! வேறு யாருக்கோ என்பதுபோல அண்ணன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். மறுபடி சொன்னார். மறுபடியும் "ஒன்ஸ்மோர்!" கடவுளே, இரண்டாவது!

மூன்றாம் தடவை மேடை நுனிக்கு வந்தார். "நாளைக்குப் பெரட்டுக்கு வா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பெரிய கங்காணியையே பார்த்தபடி நின்றார். சனம் மொத்தமும் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பியது. துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாகத் தெரியும். சிரிப்பை நிறுத்திவிட்டு அவரும் திரும்பினார்.

"என்ன கங்காணி?"

இராமையா இரண்டு முறை செருமினார். "துண்டு... குடுக்கிறேன்."

"கேக்கல!" என்றது கடைசி வரிசை.

"பலமா சொல்லு" என்றார் துரை.

"துண்டு குடுக்கிறேன்!"

"ஒன்ஸ்மோர்!" என்று ஸ்டோரே இடிந்து விழுகிற மாதிரி கத்தினார்கள். நானும் வெட்கமில்லாமல் கத்தினேன். மனிதர் வேறு வழியில்லாமல் இன்னொரு முறையும் சொன்னார்.

மறுநாள் காலை எங்கள் மாட்டுவண்டி பசறைக்கு இறங்கும்போது, மூட்டையோடு ஓட்டமும் நடையுமாகப் பெரியாயி எங்களைத் தாண்டிப் போனாள். மடியில் செருகியிருந்த சீட்டை எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

"ஏண்ணே, முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்துட்டு, கடைசி வசனத்த அவருக்கு விட்டுட்டீங்களே?" என்றேன்.

"நான் சொன்னா கை தட்டுவாங்க" என்றார் அண்ணன். "அவரு சொன்னாத்தான்டா துரை எழுதுவாரு."