பாலாற்றங்கரைக் கொட்டகை

பெங்களூரில் பிளேக் பரவிய வருஷம். அந்தப் பக்கத்து ரயிலில் வந்து ஆம்பூரில் இறங்கியவர்களை ஊருக்குள் விடாமல், பாலாற்றின் அக்கரையில் கீற்றுக் கொட்டகைகளில் அடைத்தார்கள். குறித்த நாள்வரை காய்ச்சல் காணாவிட்டால் விடுதலை. ஒருவருக்குக் கண்டாலும் கொட்டகை முழுவதற்கும் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

தாய் படுத்த படுக்கை என்று ஆள் வந்து சொன்னதும் புறப்பட்டவள் ஜஹீருன்னிசா. கணவன் அப்துல் கஃபார் ஆண்கள் கொட்டகையில். மூங்கில் வேலிக்கு அப்பால் மணல். மணலைத் தாண்டினால் அவள் பிறந்த தெரு.

விடுவதாகச் சொன்ன காலையில், பக்கத்துப் பாய் சவுரியம்மாளின் கை அனலாகச் சுட்டது. கோலார் சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். ஆம்பூருக்குப் பக்கத்தில் அக்காவிடம் விட்டிருந்த குழந்தையைப் பார்க்க வருகிறாள்.

“சொல்லிடாத பீபி. நோயாளிக் கொட்டாய்க்குப் போனவங்க யாரு திரும்பனாங்க? எம் புள்ளைய ஒரு தடவ பார்த்துட்றேன்.”

சவுரியம்மாள் பானைத் தண்ணீரில் கைகளை நனைத்துக்கொண்டாள். கம்பவுண்டர் பெண்களின் மணிக்கட்டை மட்டும் தொட்டுப் பார்ப்பவர். குளிர்ந்த கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். கதவு திறந்தது.

ஜஹீருன்னிசா வாசல்வரை நடந்தாள். தாயின் முகம்தான் நினைவில் இருந்தது. பிறகு, தாவி வந்து சவுரியம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொள்ளப்போகும் அந்தக் குழந்தை. கம்பவுண்டர் பக்கம் திரும்பினாள்.

“நில்லுங்க. இவங்களுக்கு ஜுரம்.”

நோயாளிகளுக்கென்று கொண்டுவந்த கட்டிலில் சவுரியம்மாள் ஏறிப் படுத்தாள். தூக்கிப் போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

“உன்ன யாரு கேட்டாங்க?” என்றாள் தங்கையின் நிக்காவுக்கு வந்திருந்த அக்தர் பானு. பெண்கள் பாய்களைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டொரு நாளில் ஜஹீருன்னிசாவின் தம்பி மணலில் வந்து நின்று அப்துல் கஃபாரிடம் செய்தி சொன்னான். அன்று பகலில் ஆற்றுக்கு அப்பால் தன் தெருவிலிருந்து தாயின் ஜனாஸா தோள்களில் கிளம்பியதை அவள் வேலி இடுக்கில் பார்த்தாள். இத்தனை தூரத்தில் தாய் ஒரு வெள்ளைத் துணியாகத்தான் தெரிந்தாள்.

அந்த வாரமே சவுரியம்மாள் திரும்பி வந்தாள். பிளேக் இல்லை, வந்து வந்து போகும் வெறும் முறைக்காய்ச்சலாம். யாரும் இடம் விடவில்லை. ஜஹீருன்னிசா தன் பாயை நகர்த்தினாள்.

“அம்மா போய்ட்டாங்களாமே.”

“ம்.”

“உம்மேல கோவமாத்தான் வந்தேன் பீபி.” சவுரியம்மாள் மெல்லப் படுத்தாள். “படுத்துக் கெடக்கும்போது யோசிச்சேன். பிளேக்கா இருந்து, நீயும் வாய மூடியிருந்தா…”

ஜஹீருன்னிசாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சவுரியம்மாள் எழுந்து உட்கார்ந்து, அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். விடுவதற்கு இன்னும் நாள் இருந்தது.