ஏழு மணிக்கு வரும் செய்தி

அப்பாவின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே விஜயன் தம்புசாமி மாமாவுக்குப் பதில் சொன்னான். பிரஷர் மாத்திரை தவறியிருக்க வாய்ப்பே இல்லை. நேற்று மாலை அவர் பாத்ரூமில் விழுந்து இறந்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

செந்தூல் பிளாட்டில் தனியாக இருந்த அப்பாவுக்குப் பேஜர் வாங்கிக் கொடுத்தவன் அவன். பேஜர் கம்பெனியில்தான் அவனுக்கு இரவு வேலை. முதலில், மாத்திரை சாப்பிடுங்கள் என்று அனுப்பிப் பார்த்தான். அப்பா படிப்பார், சமையலறைக்குப் போவதற்குள் மறந்துவிடுவார். மூன்றாவது வாரம் படிப்பதையே விட்டுவிட்டார். அப்போதுதான் விஜயன் மாத்திரைப் பெட்டியைக் கோப்பித்தூள் டின்னுக்குள் வைத்தான். காலை ஏழு மணிக்கு, அவர் தண்ணீர் கொதிக்க வைக்கும் நேரத்தில், ஒரே சொல்லை அனுப்பினான்: கோப்பி. எட்டு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"மறதிய திருத்த முடியாது மாமா. கை எங்க போகுதோ, அங்க மாத்திரைய வைக்கணும்."

"கெட்டிக்காரன்லா நீ," என்றார் மாமா.

கிள்ளானிலிருந்து வந்திருந்த தங்கை சீதாலெட்சுமி ஈரத்துணியால் அப்பாவின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"திங்கக்கிழமையிலருந்து அப்பா கோப்பி குடிக்கலையே. தைப்பூச விரதம். பேஜர் காலங்காத்தால ஆசை காட்டுதுன்னு போன்ல சொல்லிச் சிரிச்சாரு."

"என்ன வேண்டுதல்?" என்றான் விஜயன்.

"உனக்குத்தான் அண்ணே. பகல் வேலை கெடைக்கணும்னு."

விஜயன் எழுந்து சமையலறைக்குப் போனான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, டின்னை யாரும் தொடவில்லை. உள்ளே, ஞாயிற்றுக்கிழமை இரவு அவனே நிரப்பி வைத்த பெட்டி. ஏழு அறைகளையும் திறந்து பார்த்தான். ஏழிலும் மாத்திரை இருந்தது.

பெட்டியோடு திரும்பி வந்தான்.

"அஞ்சு நாள் சாப்பிடல. நான் வச்ச இடம் தப்பு மாமா."

சீதாலெட்சுமி அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

வாய்க்கரிசிக்கு மூத்த மகனைக் கூப்பிட்டார்கள். அவன் இடுப்பில் ஈர வேட்டி மட்டும்தான், பெட்டியைப் போட்டுக்கொள்ளச் சட்டைப் பை இல்லை. பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அரிசியை அள்ளினான்.