ஐந்தருவி வழியில் ஓர் இரும்புப் பெட்டி

இப்போதெல்லாம் மனுஷன் அருவிக்குக் குளிக்க வருவதில்லை, படம் பிடிக்க வருகிறான். பிளாஸ்டிக் உறைக்குள் போனைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருவான். முதுகில் எண்ணெயை வைத்தால், ஒரு நிமிஷம் என்று போனைத் தூக்குவான். கழுத்து வலிக்கிறது என்று வந்தவனும் போனைப் பார்த்துக் குனிந்தே கிடக்கிறான். நான் தேய்த்து என்ன, தேய்க்காமல் என்ன.

என் பெயர் பாண்டித்துரை. படிப்பு மூன்றாம் வகுப்பு. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் நாவல் மரத்தடியில் நாற்பது வருஷமாக எண்ணெய் தேய்க்கிறேன். அந்த இடத்துக்குப் பட்டா கிடையாது, சீட்டு கிடையாது. எவன் சாமான் கிடக்கிறதோ அவன் இடம், அவ்வளவுதான் எங்கள் வழக்கம். மற்றவர்கள் பலகையும் முக்காலியும் போடுவார்கள். சீசன் முடிந்ததும் வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். அடுத்த ஆனியில் இடத்துக்கு அடிதடி. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. என்னுடையது இரும்புப் பெட்டி. நாலு ஆள் சேர்ந்தால்தான் அசையும்.

செங்கோட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஆதம் கொடுத்தது அது. திருவனந்தபுரம் பக்கம் ராக்கெட் விடுகிற இடத்தில் ஏலத்தில் எடுத்த லோடில் வந்ததாம். திருகாணி எல்லாம் ஒரு தினுசு. எந்த ஸ்பேனருக்கும் பிடி கொடுக்கவில்லை. உட்காரவாவது ஆகும் என்று, நான் தொழில் தொடங்கிய வருஷமே இங்கே இறக்கிவிட்டுப் போனான்.

போன வருஷம் ஆனியில் சுகந்தி என்று ஒருத்தி, புருஷனுக்கு எண்ணெய் தேய்க்கக் கூட்டிவந்தாள். தென்காசியில் பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து ஓட வைக்கிறவள். பெட்டியில் உட்கார்ந்த புருஷன் காலுக்கு நடுவில் ஒரு தகடு தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஈரத்தில் மண்டி போட்டு, முந்தானையால் எண்ணெயைத் துடைத்து அதில் இருந்த நம்பரைப் படித்தாள். புருஷன் துண்டோடு எழுந்து நின்றான்.

அந்தக் காலத்து ராக்கெட் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்த கம்ப்யூட்டர் ஒன்று அவளிடம் இருக்கிறதாம். அலமாரி உயரமாம். எல்லாம் இருக்கிறது, ஞாபகம் மட்டும் இல்லை, அந்த ஞாபகம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்றாள். நான் நம்பவில்லை. பழைய கம்ப்யூட்டரில் தங்கம் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"உள்ள எத்தன பவுன் இருக்குன்னு நேராச் சொல்லிரு, தாயி."

"ஒரு மூக்குத்திக்குக்கூடத் தேறாது, அண்ணாச்சி. வேணும்னா உங்க முன்னாலயே தொறக்கேன்."

தங்கம் போனால் போகட்டும். பெட்டி போனால் என் இடம் போய்விடும். அதைச் சொன்னேன். அதே உயரத்தில் அதே கனத்தில் வேறு பெட்டி செய்து தருகிறேன் என்றாள். எனக்கு அடுத்தாற்போல் முக்காலி போட்டிருக்கும் ஸ்டான்லி அதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தவன், அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"தாராளமாக் கொடும், அண்ணாச்சி. ஆனா எடம் அந்தப் பெட்டிக்குத்தான். புதுப் பெட்டின்னா புது ஆளு. கடைசில போயி நிக்கணும்."

கடைசி என்றால் கழிப்பறை பக்கம். எண்ணெய் தேய்க்கிறவர்கள் சங்கத்தில் கேட்டேன். ஸ்டான்லி சொல்வது நியாயம்தான் என்று அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சுகந்தியைத் திருப்பி அனுப்பினேன். அவள் விடவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பாவம், புருஷன் நாலு தரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டான்.

நாலாவது ஞாயிறு நானே ஒரு வழி சொன்னேன்: மூடி எனக்கு, மற்றது உனக்கு. ஆள் உட்காருவது மூடியில்தானே. அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பழைய சாமானில் ஒரு ஆணிகூடக் குறையக் கூடாதாம். கொஞ்ச நேரம் மூடியைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, சரி என்றாள். புதுப் பெட்டிக்குள் சிமெண்டை நிரப்பி, பழைய மூடியை மேலே வைத்துப் பற்றவைத்துத் தந்தாள். நாற்பது வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்த மூடி. சங்கத்து ஆட்கள் வந்து பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஸ்டான்லி உட்கார்ந்தே பார்த்தான். "அதே குழிதான்" என்று எழுந்துகொண்டான்.

இந்த ஆனியில் ஒரு நாள், உங்கள் பெட்டி ஓடுகிறது, வாருங்கள் என்று கூப்பிட்டாள். சீசனில் அரை நாள் போகிறதே என்ற எரிச்சலோடு தென்காசி பஸ் ஏறினேன். என் பெட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு வைத்திருந்தாள். உள்ளே கொசுவலை மாதிரி கம்பி. கம்பி கூடுகிற இடத்திலெல்லாம் கடுகைவிடச் சின்ன வளையம். அந்த வளையத்தில்தான் ஞாபகம் இருக்கிறதாம். இத்தனை வருஷச் சாரலில் துரு ஏறாதது என் நல்லெண்ணெயால்தானாம். இடுக்கெல்லாம் ஊறி அடைத்துக்கொண்டதாம். அதை மட்டும் நம்பினேன். என் எண்ணெய் எனக்குத் தெரியும்.

சுவிட்சைப் போட்டாள். டைப் அடிக்கிற மெஷின் ஒன்று தானாகத் தடதடவென்று அடித்தது. காகிதம் முழுக்க எண். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர்.

"கரண்டு இல்லாமலே இத்தன வருஷம் ஞாபகம் வச்சிருந்திருக்கு, அண்ணாச்சி. ராக்கெட்டு ஏறுன உயரம். ஒவ்வொரு வினாடிக்கும்."

எண் எனக்குப் படிக்க வரும். ஏறிக்கொண்டே போனது, அப்புறம் இறங்கியது.

"இறங்கி எங்க விழுந்துச்சு?"

"கடல்ல."

"எடுத்தாங்களா?"

"இல்ல."

கடலில் போன சாமானுக்கு இத்தனை காகிதம். என் கண் முன்னால் அந்தப் பெட்டியில் எத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்தார்கள், அதில் ஒருத்தனைப் பற்றி ஒரு வரி அடித்ததா? இதைப் போய் ஞாபகம் என்கிறாள். கேட்டேன். அது மூடியில் இருக்கும், அண்ணாச்சி என்று சிரித்தாள். நன்றாகப் பேசத் தெரிந்த பெண்.

காகிதத்தில் ஒரு முழம் கிழித்துக் கையில் கொடுத்தாள். மடித்து மடியில் செருகிக்கொண்டேன். எண்ணெய்க் குப்பியைத் துடைக்க ஆகும். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குற்றாலத்தில் சாரல் விழுகிற நேரம். சிமெண்டு நகராதுதான், ஆனால் ஸ்டான்லி என் இடத்துக்கு நகருவான். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் அந்த மெஷின் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டும்.