இரண்டாவது பூச்சு

காலையில் எழுந்ததும் இளவரசன் பல் தேய்ப்பான். கொல்லைக் குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து அடுப்படியில் வைப்பான். மாமியார் இந்திராணி கொடுக்கும் டீயை நின்றுகொண்டே குடிப்பான். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். பிறகு தோட்டத்துக் கொட்டகைக்குப் போய், டிராக்டருக்குத் தானே அடித்த பெயிண்டைத் தானே உப்புத்தாளால் தேய்த்து எடுப்பான்.

மனைவி சத்யப்ரியா செத்துப்போனதிலிருந்து இதுதான் அவன் பிழைப்பு.

டிராக்டர் என்றதும் ரோட்டை அடைத்துக்கொண்டு கரும்பு ஏற்றிப்போகிற யானையை நினைக்க வேண்டாம். இது கன்றுக்குட்டி. ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், சாமந்திப் பாத்திகளுக்கு நடுவே நுழைந்து வருகிற உடம்பு. வாலாஜாபாத் பக்கம் ஒரு நர்சரியில் புங்க மரத்தடியில் துருவேறிக் கிடந்தது. "நம்ம வூட்டுக்கு வரணும்னே கெடக்குதுபா இது" என்று ஒற்றைக்காலில் நின்று வாங்க வைத்தவள் அவள்தான். ஒரே மகள். பெற்றவர்களின் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று, கல்யாணமான மறு வருஷமே கம்பெனி வேலையை விட்டுவிட்டு இருவரும் அவள் ஊரான தாமலுக்கு வந்திருந்தார்கள். ஒரு பருவம் அந்த வண்டியை இருமவிட்டு ஓட்டினார்கள். அப்புறம் புதுசாக்கலாம் என்று பிரித்துப் போட்டார்கள். திரும்பப் பூட்டுவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

சாவு வீட்டில் யாரோ கேட்டார்கள், "கடைசியா பொண்ணு என்னாமா சொல்லிச்சி?"

ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்தவன் இளவரசன் ஒருவன்தான். ஆனால் பதில் சொன்னது இந்திராணி. "அவரு இங்கயே இருக்கட்டும், அனுப்பிடாதீங்கன்னு சொன்னாளாம்மா" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

இளவரசன் மறுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை ஊரைச் சுற்றி வந்து, வீட்டுக்கு நடுத்தூணாக நின்றுவிட்டது. அதை நம்பி மாமனார் முனிரத்தினம் அவனுக்கு இலை போட்டார். அதை நம்பாமலே அவன் சாப்பிட்டான்.

செங்கல்பட்டிலிருந்து அண்ணன் தணிகாசலம் போன் செய்துகொண்டே இருந்தான். "பொண்டாட்டி இல்லாத வூட்ல எத்தினி நாளுடா மாப்ளையா இருப்ப? வந்து சேரு."

"டிராக்டர் முடியட்டும்ணா."

முடிந்த பிறகு போவதா, இருப்பதா? அது அவனுக்குத் தெரியவில்லை. ஆகவே அது முடியவில்லை. எஞ்சினைப் பூட்டிவிட்டான், டயர் மாட்டிவிட்டான், பிரைமர் அடித்துவிட்டான். பெயிண்டில் மட்டும் காலம் நின்றது. ஒரு பூச்சு அடிப்பான். காய்ந்ததும் தள்ளி நின்று பார்ப்பான். தலையை ஆட்டுவான். தேய்த்துவிடுவான். நீலம் போனது, சிவப்பு போனது. அவள் முகூர்த்தப் புடவையின் மயில்கழுத்து நிறம் வேண்டும் என்று காஞ்சிபுரத்துப் பெயிண்டுக் கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கலக்கச் சொன்னான். அதுவும் போனது.

"பாவு நூலு ஒரு கலரு, ஊடை நூலு ஒரு கலரு, வெயில்ல பாத்தா ஒண்ணு, நெழல்ல பாத்தா ஒண்ணு. அத போயி ஒரே டப்பாவுல கேட்டா அவன் எங்க போவான்?" என்றார் முனிரத்தினம். "மாப்ள, ஊர்ல தேருக்கே வர்ணம் அடிச்சி முடிச்சிட்டாங்க. நீங்க இன்னும் சுரண்டிக்கினு கீறீங்க."

அவன் சிரித்துவைத்தான்.

தேய்க்கும்போது எழும்பும் தூள் வெயிலில் மிதக்கும். நீலமும் சிவப்புமாக மிதந்து இறங்கி அவன் கைமேல் படியும். சில மத்தியானங்களில் வேலையை நிறுத்திவிட்டு, ஓடாத வண்டியின் சீட்டில் ஏறி உட்காருவான். ஏரிக் காற்று வரும். கண்ணைப் பாதி மூடினால் வண்டி நிற்க, தோட்டம் நகரும். சாமந்திப் பாத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்தில் வந்து, பார்த்து, பின்னால் போகும். வரப்பில் ஒருத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே நடந்து வருவாள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அவன் கூப்பிட மாட்டான். கூப்பிட்டால் தோட்டம் நின்றுவிடும் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் காரோடு வந்து நின்றான். கொட்டகையில் பச்சை பெயிண்டின் முதல் பூச்சு அப்போதுதான் காய்ந்திருந்தது.

"இன்னா கொறைச்சல் இதுக்கு? ஓடுமா?"

"ஓடும்னு நெனைக்கிறேன்."

"ஓட்டிக் காட்டு. ஓடிச்சின்னா வேல முடிஞ்சிது. துணிய எடுத்துக்கோ, கெளம்பலாம்."

அந்த எஞ்சினை ஒற்றை ஆளாகக் கிளப்ப முடியாது. ஒருவர் இரண்டு கையாலும் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். இன்னொருவர் எஞ்சின் தலையிலிருக்கும் சின்ன லீவரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வேகம் ஏறியதும் சட்டென்று இறக்க வேண்டும். லீவர் சத்யப்ரியாவின் வேலை. அந்த இடம் காலியாக இருந்தது. முனிரத்தினம் தரையைப் பார்த்தார். இந்திராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"நான் புடிக்கிறேன். எப்ப உடணும்னு சொல்லுங்க தம்பி."

அவன் சுற்றினான். இரும்பு முனகியது. மறுபடி சுற்றினான். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. "இப்ப அத்தை!" என்றான். லீவர் இறங்கியது. டிராக்டர் ஒரு தரம் கனைத்தது, கறுப்பாகத் துப்பியது, பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. கூரைத் தகரம் அதிர்ந்தது. சிட்டுக்குருவிகள் பறந்தன. புகைக்குள் நின்ற நாலு பேரும் நிழலாக அசைந்தார்கள், ஏரித் தண்ணீருக்கு அடியில் நிற்பவர்கள்போல. அவன் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அணைத்தான்.

"ஆச்சி. கெளம்பு" என்றான் தணிகாசலம்.

"அது எப்பிடிங்க?" முனிரத்தினம் குறுக்கே வந்தார். "இங்கயே இருக்கணும்னு எம்பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்குது."

"தம்பி, நீதான கூட இருந்த. நெஜமா அந்தப் பொண்ணு அப்பிடி சொல்லிச்சா?" என்று கேட்டான் தணிகாசலம்.

மூவரும் அவனைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் ஆயுசுக்கும் இந்தத் தூணில் கட்டின மாடு. இல்லை என்றால் இந்திராணி ஊருக்கு முன்னால் பொய்க்காரி.

"சொல்லல" என்றாள் இந்திராணி.

முனிரத்தினம் திரும்பினார்.

"அவ சொல்லல. நாந்தான் சொன்னேன். இவரும் வூட்ட வுட்டு பூட்டா அவ முழுசா பூடுவான்னு பட்டுது, வாயில வந்துடிச்சி. தம்பிக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னை ஒரு வார்த்தை கேக்கல." அவள் கைக்கரியைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அவ பேச்சுக்காகன்னு இருக்க வேணாம்பா. போறதுன்னா போங்க. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

கொட்டகையில் திடீரென்று நிறைய இடம் இருந்தது. போ என்று அவள் சொல்லிவிட்டுப் போகவில்லை, இரு என்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இளவரசன் அந்த இடத்தில் கொஞ்சம் நடந்து பார்த்தான். பிறகு பச்சை டப்பாவின் மூடியைத் திருப்புளியால் நெம்பினான். பிரஷ்ஷைத் தோய்த்து, ஓரத்தில் வழித்து, பானெட்டின் மேல் வைத்து இழுத்தான். முதல் பூச்சின்மேல் இரண்டாவது பூச்சு. இதுவரை அவன் அதைச் செய்ததில்லை.

"அண்ணா, சாப்ட்டுட்டுப் போ" என்றான். "நாத்து வருது. நாளைக்கி உழணும்."

தணிகாசலம் அவனையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தான். "அப்பிடின்னா அப்பிடிதான். கொழம்பு இன்னாங்க அத்தை?" என்றான். முனிரத்தினம் அவன் தோளைத் தொட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார்.

இந்திராணி போகவில்லை. பெயிண்டு வாசனையில் நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி. நெஜமா என்னாதான் சொன்னா?"

பிரஷ் நின்றது. அன்று ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவின் வாசலில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள். கதவு மூடுவதற்குள் அவள் தலையைத் தூக்கினாள், காய்ச்சலில் பளபளத்த கண்ணோடு அவனைத் தேடினாள். அவன் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னான், அவள் சொன்ன மாதிரியே.

"என் செருப்ப பாத்துக்கோபா. புதுசு. எவளாவது மாட்டிக்கினு பூடுவா."