தோஷியேயின் ஹந்தாமாப் பாத்தி

ஒகினாவாவைச் சேர்ந்த அந்தச் சிறு தீவில் ஜூலை வெயில் ஏறிவிட்டால் முட்டைக்கோஸ் மண்டையைப் போட்டுவிடும். கொத்தமல்லி தலைமறைவாகிவிடும். கொடியில் காயப்போட்ட சட்டையைக் கொஞ்சம் மறந்தால் அப்பளம்போல் நொறுக்கித் தின்றுவிடலாம். அந்த வெயிலிலும் கொழுத்துத் திரிவது ஹந்தாமாக் கீரை ஒன்றுதான். இலை மேலே பச்சை, திருப்பினால் ஊதா. ஒருமுறை குச்சியை ஊன்றினால் போதும், வருஷக்கணக்காகக் கிள்ளிக்கொண்டே இருக்கலாம். தோஷியேயின் பாத்தியில் காலையில் கிள்ளிய இடத்தில் பல் விளக்கி வருவதற்குள் மறுபடி துளிர்த்திருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், ஆனால் ரொம்பக் கூட்டவில்லை.

அவளுடைய கணவர் மோரியோ ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். லாரியை ஊசி முனையில் திருப்பச் சொன்னாலும் திருப்புவார். கீரைக்கும் களைக்கும் மட்டும் வித்தியாசம் தெரியாது. அவர் பொறுப்பில்தான் பாத்தியை விட்டுவிட்டு, வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ள தலைநகர் நாஹாவுக்குக் கப்பலேறினாள் தோஷியே.

"கூட வர்றேன்னு நிக்காதீங்க. பாத்திய யார் பாக்குறது? திரும்பி வந்ததும் முதல் வேளை ஹந்தாமாக் கஞ்சிதான் குடிப்பேன். ரத்தம் ஊறணும்ல?"

அன்றாடம் சாயங்காலம் போன் வரும்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்பார் இவர்.

"டாக்டரு கெடக்காரு. கீரை எப்படி இருக்கு?"

இப்படியே கேட்டுக் கேட்டு மோரியோவுக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. பாத்தி பச்சையாக இருக்கும்வரை தோஷியேவுக்கு ஒன்றும் ஆகாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் விடிந்ததும் முகம் கழுவுவதற்கு முன் பாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

அப்போதுதான் புயல் வந்தது. மழைப் புயலாக இருந்தால் பரவாயில்லை. இது வெறும் காற்றுப் புயல். கடல்நீரைப் பொடித்துத் தீவு முழுக்கத் தூவிவிட்டுப் போயிற்று. பக்கத்து வீட்டு ஆட்டின் தாடி அதற்கப்புறம் வலப்பக்கமாகவே வளர்ந்தது என்றால் காற்றின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போயிற்று, ஊர்க் குழாய் நின்றது. மோரியோ வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்து, சீனாவுக்கே போய்விட்டது போலும்.

புயலுக்குப் பின் இலையில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். அந்தத் தீவில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மோரியோ தொட்டித் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார். ஊரார் ஒருமுறை கழுவினால் இவர் காலை, மதியம், மாலை என்று கழுவினார்.

பவளக்கல் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள் பக்கத்து வீட்டு நட்சு. "என்னண்ணே, கீரைக்குத் தலைக்குக் குளிப்பாட்டுறியா? சோப்பு வேணும்னா தர்றேன்."

"உன் வேலையப் பாரு. தோஷியே வர்றப்போ ஒரு இலை வாடியிருக்கக் கூடாது."

இலை வாடியது. பிறகு கறுத்தது. பிறகு தண்டும் கூழாயிற்று. இவர் இன்னும் அதிகமாக ஊற்றினார். புயலுக்கென்று வாங்கி வைத்திருந்த பாட்டில் தண்ணீர் தீர்ந்த அன்று தொட்டித் தண்ணீரில் டீ போட்டு ஒரு வாய் வைத்தவர், அப்படியே துப்பினார். மூடியில்லாத தொட்டிக்குள் புயல் கடலையே வாரி இறைத்திருந்தது. அந்தக் கடலைத்தான் வாளி வாளியாகச் சுமந்து பாத்தியின் வேரில் ஊற்றியிருக்கிறார்.

அன்று சாயங்காலமும் போன் வந்தது.

"கீரை எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு. ஒவ்வொரு இலையும் என் செருப்பு அகலம்!"

"அப்படியா. நல்லது. சனிக்கிழமைக் கப்பல்ல வர்றேன்."

மோரியோ சுவரோரம் போய் நின்றார். நட்சுவின் பாத்தியும் கருகியிருந்தது. ஆனால் வேர் பிழைத்துத் தளிர் விட்டிருந்தது.

"கொஞ்சம் குச்சி ஒடிச்சுத் தாயேன்."

"தர்றதுக்கென்ன, தோஷியே அக்கா குடுத்த குச்சிதானே? ஆனா உன் மண்ணு ஊறுகாய் போட்ட மண்ணுண்ணே. நட்டா செத்துடும்."

"சனிக்கிழமை மட்டும் நின்னா போதும்."

நட்சுவின் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. நல்ல குச்சிகளாகப் பார்த்துக் கத்தரித்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை கப்பலிலிருந்து இறங்கியவள் போனவளில் பாதிதான் இருந்தாள். வரும் வழியெல்லாம் மோரியோ மனசுக்குள் பொய்களை வரிசைப்படுத்தினார். பாத்தியில் நட்ட குச்சிகள் குடித்துவிட்டு வந்தவர்கள்போல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. ஆனால் தோஷியே அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே வீட்டுக்குள் போய் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

திட்டு வாங்கத் தயாராக வந்தவர் திட்டு வராததைக் கண்டு பயந்துபோனார்.

"தோஷியே, பாத்திய வந்து பாரேன்."

"பாத்துக்கலாம்."

"இல்ல, வந்து பாரு. பாத்தி செத்துப்போச்சு. நான்தான் உப்புத் தண்ணிய ஊத்திக் கொன்னுட்டேன். இப்ப நிக்கிறது நட்சு குடுத்த குச்சி. திட்டு!"

"தெரியும்."

"நட்சு சொல்லிட்டாளா?"

"செருப்பு அகலத்துக்கு ஹந்தாமா இலையா? முப்பது வருஷமா வளர்க்குறவகிட்டயா கதை விடுறீங்க?" லேசாகச் சிரித்தாள். சிரிப்பு நிற்கும் முன்பே சொன்னாள். "போன்ல நீங்க அதைச் சொன்னப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நானும் அப்படி மறைச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். நீங்க டாக்டரப் பத்திக் கேக்கக் கூடாதுன்னுதான் கீரையப் பத்தியே கேட்டேன்."

மோரியோ அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"தெறந்து பாத்தாங்க. கட்டிய முழுசா எடுக்க முடியலையாம். அடுத்த மாசம் மறுபடி வரச் சொல்றாங்க."

மின்விசிறி அவள் பக்கமும் இவர் பக்கமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மோரியோ எழுந்து வெளியே போனார். அந்தக் கொதிக்கிற வெயிலில் குச்சிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். உப்பு மண்ணை வெளியே வாரிக் கொட்டினார். கிணறு வெட்டுகிற வேகம்.

தோஷியே மெல்ல வந்து வாசற்படியில் அமர்ந்தாள். "எங்க கொட்டுறீங்க மனுஷா? அது கரும்புக் கொல்லை. அதையும் கொல்லணுமா? அந்தப் பக்கம் கொட்டுங்க."

அவர் அந்தப் பக்கம் கொட்டினார்.

"புது மண்ணு போட்டா எப்ப நடலாம்?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"உடனே நடலாம். வேர் பிடிச்சுக் கிள்ளுறதுக்கு ஒரு மாசம் ஆகும்."

"அடுத்த மாசம் நாஹாவுக்கு நானும் வருவேன்."

"அப்ப இதை யாரு பாக்குறது?"

"எவளாவது பாக்கட்டும். நான் வருவேன்."

மண்வெட்டி பவளப் பாறையில் மோதி ணங்கென்றது. அதற்குக் கீழே மண் கிடையாது.

"போதும்" என்றாள் தோஷியே.

அது காதில் விழாதவர்போல் அவர் மண்வெட்டியை மறுபடி ஓங்கினார்.